வரலாற்றுப் பட்டம்: பாடங்களைக் கடைசியிலிருந்து அடுக்குங்கள்

நாலாம் ஆண்டு ஆய்வேட்டை முதலில் வைத்துப் பின்னோக்கி அடுக்கியதும்தான் என் பாடத் திட்டம் சரியானது. ஆய்வு முறையியல் பாடத்தை இரண்டாம் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் மேல்நிலைப் பாடங்களுக்கு முன்தகுதி இடிக்கும்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் கணக்கில் 4 யூனிட் (பாடத்தின் மதிப்பளவு) என்றால் வாரத்துக்கு 10 மணி நேர உழைப்பு. ஒரு பருவத்தில் கட்டுரைப் பாடங்கள் மூன்றைத் தாண்டினால், அதன் 13ஆம் வாரத்தில் எல்லாக் கெடுவும் ஒரேயடியாக வந்து விழும். கட்டுரைப் பாடம் ஒன்றுக்குப் பதில் மலாய் மொழி எடுத்தேன்; மூல ஆவணம் படிக்க உதவும். பழைய மலாய் ஏடுகள் அரபு எழுத்தை ஒட்டிய ஜாவி எழுத்தில் இருக்கும், அது தனி வேலை.

தலைப்பை உறுதி செய்யுமுன் மூலங்களைத் தேடுங்கள். 1935இல் தொடங்கிய சிங்கப்பூர்த் தமிழ் நாளிதழான தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் உண்டு. சொல் தேடலை மட்டும் நம்பாமல் தேதிவாரியாகப் புரட்டுங்கள். மங்கிய அச்சைக் கணினி தப்பாகப் படிக்கும்.