காய்ச்சல் வந்தபின் கதவைச் சாத்துகிறோம்

பிள்ளைக்குச் சளி பிடித்தால் நாம் முதலில் பழி போடுவது தாஸ்கா, அதாவது குழந்தைப் பராமரிப்பு நிலையத்தின் மீதுதான். எங்கள் செந்தூல் வீட்டில் ஒருமுறை நடந்தது நேர்மாறு. எல்ஆர்டி ரயில் நெரிசலில் வேலைக்குப் போய்வந்த நான்தான் சளிக்காய்ச்சலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு நாள் கழித்து நான்கு வயது மகளும் படுத்துவிட்டாள். எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்துத் தள்ளித்தானே இருந்தேன் என்று எனக்கு ஒரே குழப்பம்.

தள்ளி இருந்தது உண்மைதான், ஆனால் காய்ச்சல் ஏறிய பிறகு. சளிக்காய்ச்சல் கிருமி அறிகுறி தெரிவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். அதன்பின் 5 முதல் 7 நாள் வரை பரவும். தொண்டை லேசாக அரித்த அன்று மாலை, 'மழையில் நனைந்த சளி, ஒட்டாது' என்று சொல்லிக்கொண்டு அவளை மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டினேன், அதுவும் ஊதி ஊதி. சளி மழையால் வருவதில்லை, கிருமியால் வருகிறது. முகக்கவரியை மாட்ட வேண்டிய நேரம் தொண்டை அரிக்கும் அந்த முதல் நாள்தான்.

அடுத்த தவறு ஏர்கோன் அறை. கரண்ட் பில்லுக்குப் பயந்து குடும்பமே ஒரே அறையில் படுப்பது கோலாலம்பூர் அடுக்குமாடிகளில் சகஜம். வீட்டு ஏர்கோன் பெரும்பாலும் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே குளிராக்கிச் சுற்றவிடுகிறது. நோயாளி இருமிய காற்றை விடியும்வரை எல்லோரும் சுவாசிக்கிறோம். காய்ச்சல்காரர் ஹாலில் சன்னலைத் திறந்து, காற்றாடியைப் போட்டுப் படுக்கட்டும். இருப்பதே ஒரு அறைதானா? அந்தச் சில இரவுகள் ஏர்கோன் வேண்டாம். வியர்க்கும்தான், என்ன செய்ய.

கை கழுவாமல் சானிடைசரை மட்டும் தடவிக்கொள்வதும் போதாது. வாந்தி பேதி உண்டாக்கும் நோரோ வைரஸுக்கும், கை, கால், வாய்ப்புண் நோய்க் கிருமிக்கும் ஆல்கஹால் அவ்வளவாகப் பலிப்பதில்லை. இந்தக் கை, கால், வாய்ப்புண் நோய் பெரியவர்களுக்கு ஒரு கொப்புளம்கூட இல்லாமல் வந்துபோகலாம். கிருமி மட்டும் மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறும். கழிவறைக்குப் போய்வந்த பின்பும் பிள்ளைக்கு ஊட்டுவதற்கு முன்பும் சோப்புப் போட்டு 20 வினாடி கழுவுவதுதான் வழி. வாந்தி எடுத்த தரையைத் தண்ணீர் கலந்த குளோரோக்ஸால் (பிளீச் திரவம்) துடையுங்கள். அதோடு வேறு கழிவறைத் திரவம் எதையும் கலக்காதீர்கள், நச்சுப்புகை கிளம்பும்.

தாய்க்குக் காய்ச்சல் என்றதும் 'பால் கொடுக்காதே' என்று பாட்டிமார் தடுப்பார்கள். சாதாரணச் சளிக்காய்ச்சலுக்குப் பாலை நிறுத்தத் தேவையில்லை. நோயை எதிர்க்கும் பொருள் அந்தப் பாலில்தான் இருக்கிறது. தாய் முகக்கவரி போட்டு, கையைக் கழுவிவிட்டுக் கொடுக்கலாம். 2 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு மட்டும் முகக்கவரி மாட்டக் கூடாது. உதட்டில் அக்கி இருந்தால் பச்சைக் குழந்தையை முத்தமிடாதீர்கள். பெரியவருக்குச் சின்னக் கொப்புளம், பச்சைக் குழந்தைக்கு உயிராபத்து.

சரி, அப்பாவுக்கும் பிள்ளைக்கும் அடுத்தடுத்துக் காய்ச்சல். 'என்னிடமிருந்துதான் ஒட்டியது' என்று கிளினிக்கில் ஒருவருக்குக் கொடுத்து மிஞ்சிய ஆன்டிபயாடிக்கைப் பங்கு போடுவது பெரிய தப்பு. வைரஸை அது ஒன்றும் செய்யாது. அந்தக் காய்ச்சல் ஒட்டியதாகவே இல்லாமலும் இருக்கலாம். டிங்கிக் காய்ச்சல், வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு நேராகத் தொற்றுவதில்லை. ஒரே வீட்டு ஏடிஸ் கொசு இருவரையும் கடித்திருக்கும். இருமல், சளி இல்லாமல் காய்ச்சல் கொதித்தால் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். அதுவரை ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ வேண்டாம், டிங்கியாக இருந்தால் ரத்தக்கசிவை அதிகமாக்கும். வயது, எடைக்கு ஏற்ற அளவில் பாரசிட்டமோல் மட்டும் கொடுங்கள்.