பினாங்கு ஃபிளாட்டில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி: உப்பில் நான் கோட்டை விட்ட கதையோடு

கப்பி, தங்கமீன் வளர்த்துப் பழகியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஃபில்டர் மாட்டுவது, வயரைச் சுவிட்சுக்குக் கீழே தொங்கலாக விட்டுப் பிறகு மேலே ஏற்றுவது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். பாயான் பாருவில் எங்கள் ஃபிளாட்டில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், ஒரு இரண்டடித் தொட்டி இப்போது நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் முதல் தடவை விட்ட ஆறு நத்தைகளும் பத்தே நாளில் செத்துப்போயின, காரணம் புரியாமல் நான் அம்மோனியா, நைட்ரைட் என்று மாற்றி மாற்றிச் சோதித்துக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

தொட்டி

என்னுடையது 60 × 30 × 36 சென்டிமீட்டர், கணக்குப்படி 65 லிட்டர். கடையில் 20 லிட்டர் தொட்டி ஒன்று குட்டியாக அழகாக இருக்கும், முதல் தடவைதானே என்று கை அதற்குத்தான் போகும். வேண்டாம். தண்ணீர் குறையக் குறைய எல்லாம் வேகமாக மாறும், நீங்கள் வேலை முடிந்து வீடு திரும்புவதற்குள் காரியம் கெட்டிருக்கும். தண்ணீர், கல், மணல் எல்லாம் சேர்ந்தால் 80 கிலோவைத் தாண்டிவிடும் என்பதால் மரத்தூள் பலகையில் செய்த டிவி மேசை மேல் வைக்காதீர்கள். உப்புத்தண்ணீர் பட்டால் அது இட்லி மாதிரி உப்பிவிடும்.

எதை வாங்கலாம், எதை விடலாம்

வெளிநாட்டு வீடியோக்களில் முதலில் ஹீட்டர் வாங்கச் சொல்வார்கள். நமக்கு எதற்கு அது? மதியம் வீட்டுக்குள்ளேயே 31 டிகிரி அடிக்கிறது. நம் தலைவலி சூட்டைக் குறைப்பதுதான். தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் நல்ல பொருள், ஆனால் விலையும் கரண்ட் பில்லும் ஏறும், அது தள்ளும் சூடும் அதே ஹாலுக்குத்தான் வரும். மீனும் இறாலும் மட்டும் என்றால் தொட்டி விளிம்பில் மாட்டும் சின்ன ஃபேன் போதும். அதுவே இரண்டு மூன்று டிகிரி இறக்கிவிடுகிறது, 28-இல் நிலையாக நின்றால் கோமாளி மீனுக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணாடி மூடி சூட்டை அடைத்து வைக்கும், எடுத்துவிட்டு வலை மூடி போடுங்கள். மூடியே இல்லாமல் விட்டால் ஒருநாள் காலையில் மீனைத் தரையில் இருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

கழிவை நுரையாக்கி எடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் இந்த அளவுத் தொட்டிக்குத் தேவையில்லை, வாரம் ஆறு லிட்டர் தண்ணீர் மாற்றினால் அந்த வேலை நடந்துவிடும். யூவி விளக்கும் வேண்டாம். அலை உண்டாக்கும் சின்ன பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். அந்தக் காசையெல்லாம் மிச்சப்படுத்தி உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்குங்கள், நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும். அதே வேலைக்கு விற்கும், பிளாஸ்டிக் முள் ஆடும் ஹைட்ரோமீட்டரை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏன் என்று கீழே வருகிறது.

தண்ணீரும் உப்பும்

‘பத்து ஃபிரிங்கியில கடல் கெடக்கு, நீ காசு குடுத்து உப்பு வாங்குறியா?’ என்று என் மாமா கேட்டார். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் கரையோரத் தண்ணீர் சேறு கலந்தது, மழை பெய்தால் ஆற்றுத் தண்ணீர் சேர்ந்து உப்பு இறங்கிவிடும், கூடவே என்னென்ன நோய்க்கிருமி வரும் என்று சொல்ல முடியாது. கடையில் விற்கும் மீன்தொட்டி உப்புதான் சரி. சமையல் கல் உப்பும் ஆகாது, கால்சியம், மெக்னீசியம் எல்லாம் கடல்நீரில் உள்ள அளவில் மீன்தொட்டி உப்பில்தான் கலந்திருக்கும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஆர்ஓ தண்ணீர் எடுங்கள். கடை வாசலில் சில்லறை போட்டுப் பிடிக்கும் தண்ணீர் மெஷின்களில் சிலது ஆர்ஓ, சிலது வெறும் வடிகட்டி. தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை முக்கிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒற்றை இலக்கத்தில் காட்டினால் தாராளமாகப் பிடிக்கலாம்.

வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம் உப்பு. மாற்றிப் போட்டால் கலங்கி அடியில் வெள்ளையாகப் படியும், அது மறுபடி கரையாது. லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் வரை பிடிக்கும், பிராண்டுக்குப் பிராண்டு மாறும். பம்ப் போட்டு ஒரு நாள் ஓடவிட்டு, ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.025 அல்லது 1.026 காட்டுகிறதா (வெறும் தண்ணீர் என்றால் 1.000) என்று பாருங்கள். அதுதான் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம்.

தொட்டியில் கல்லை முதலில் கண்ணாடி மேல் நேரடியாக உட்கார வையுங்கள், மணலைப் பிறகு சுற்றிக் கொட்டலாம். மணல் மேல் கல்லை வைத்தால் அடியில் ஏதாவது தோண்டும்போது கல் சரிந்துவிடும். பிறகு மணல் மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து அதன் மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள்.

நான் கோட்டை விட்டது இங்கேதான்

நத்தை விட்ட அன்றே ஃபேனும் மாட்டினேன். மறுநாள் காலையில் தண்ணீர் அரை சென்டிமீட்டர் போல இறங்கியிருந்தது. உப்புத்தண்ணீர்த் தொட்டிதானே, உப்புத்தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று கலந்து வைத்திருந்த வாளியில் இருந்து ஒரு லிட்டர் மொண்டு ஊற்றினேன். தினமும் இதே கதை.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு அங்கேயே இருக்கும். ஐந்தாம் வகுப்பில் படித்ததுதான், ஆனால் வாளியும் கையுமாக நிற்கும்போது எனக்கு உறைக்கவில்லை. பத்து நாளில் பத்து லிட்டர் உப்புத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, அதாவது 350 கிராம் உப்பு. கல், மணல் போக என் தொட்டியில் நிற்பது 50 லிட்டர். லிட்டருக்கு 7 கிராம் கூடி, 35 இருந்தது 42 ஆகிவிட்டது.

நடுவில் நான் அளக்காமலும் இல்லை. என் ஹைட்ரோமீட்டர் ஒவ்வொரு நாளும் 1.025 என்றே சாதித்தது. அந்த முள்ளில் உப்பு காய்ந்து பூத்திருந்தது, அந்தப் பாரத்தில் முள் ஏறவே இல்லை. கடைசியில் ஒரு போத்தலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு மீன் கடைக்குப் போனேன். தவுக்கே, அதாவது கடை முதலாளி, தன் ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடியை அழுத்தி, வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினார். உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 1.030-ஐத் தாண்டி நின்றது. ‘மாசின் சங்காட், லா’ என்றார். அவ்வளவு உப்பாம். கடையில் நின்ற இன்னும் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆகவே, தினமும் குறையும் தண்ணீருக்கு வெறும் ஆர்ஓ தண்ணீர். வாரம் ஒருமுறை அழுக்குத் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாக மாற்றும்போது மட்டும் உப்புத்தண்ணீர். உப்பு ஏற்கெனவே கூடிப்போயிருந்தால் ஒரே நாளில் இறக்காதீர்கள், தினம் ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்து அதற்குப் பதில் வெறும் ஆர்ஓ தண்ணீர் விட்டு மெதுவாக இறக்குங்கள்.

காத்திருப்பது

தண்ணீர் தெளிந்ததும் மீன் வாங்க ஓடக்கூடாது. தோசை மாவு புளிப்பதற்கு நேரம் விடுகிறோமே, அதே மாதிரிதான் இதுவும், என்ன, இங்கே ஒரு ராத்திரி போதாது, நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது தண்ணீர் மாற்றினால் போகும். இந்தப் பாக்டீரியா கல்லில் குடியேற அதற்கு முதலில் சாப்பாடு வேண்டும். நான் ஒரு உரிக்காத இறாலைப் போட்டு வைத்தேன். மூன்றாம் நாள் அம்மா, ‘என்னடா வீடு பூரா சந்தை வாடை?’ என்று சாம்பிராணி போட்டார். போத்தலில் வரும் அம்மோனியா வாங்கி 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும்படி விடுவது நாகரிகம். அப்படி விட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் விடலாம்.

நடுவில் எல்லாம் பழுப்பாகப் பூத்து அசிங்கமாக இருக்கும். பயப்பட வேண்டாம், தானாகப் போய்விடும்.

மீன்

தொட்டியில் பிறந்து வளர்ந்த கோமாளி மீன் இரண்டு கேட்டு வாங்குங்கள், கடலில் பிடித்ததைவிட நன்றாகச் சாப்பிடும். யார் எவ்வளவு கெஞ்சினாலும் நீல டாங் மீன் வேண்டாம், ஓர் அடிக்குக் கிட்ட வளரும். பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு ஒரு சின்ன வாளியில் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் பழக்கி, மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீரை உள்ளே ஊற்றாதீர்கள்.

பிறகு சேர்த்தது

ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கியும் அளவு தப்பாக வருகிறது என்று பட்டர்வொர்த்தில் இருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவர் நல்ல தண்ணீர் விட்டுப் பூஜ்யத்துக்குச் சரிசெய்திருக்கிறார். அது போதாது. 35 அளவுக்கென்றே கலந்த சோதனைத் திரவம் விற்கிறார்கள், அதை ஒரு சொட்டு விட்டு ஸ்க்ரூவைத் திருப்புங்கள்.

இன்னொருவர், தீபாவளிக்கு நாலு நாள் ஈப்போ போனால் என்ன செய்வது என்று கேட்டார். மீன் நாலு நாள் பட்டினி தாங்கும், தண்ணீர்தான் தாங்காது. நான் போகும்போது கண்ணாடியில் தண்ணீர் நிற்க வேண்டிய உயரத்தில் ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டிவிட்டு, ஆர்ஓ தண்ணீரை இரண்டு பெரிய போத்தலில் நிரப்பி, ‘வெறும் தண்ணி, டேப் வரைக்கும்’ என்று அம்மாவுக்கு எழுதி வைத்துவிடுவேன். உப்பு வாளியை மட்டும் குளியலறையில் பூட்டி வைத்துவிடுவேன். இல்லாவிட்டால் அம்மா அதைத் துணி ஊறவைக்க எடுத்துவிடுவார்.