மல்லாட்டை மிஷின் கியர்பாக்ஸ்: கழற்றும் முன்பும் மாட்டிய பின்பும்

பங்குனி கடைசியில் மார்கழிப் பட்டத்து மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, பிடுங்க ஆரம்பித்துவிட்டால், எங்கள் திண்டிவனம் பக்கத்தில் செடியிலிருந்து காயை அடித்துப் பிரிக்கிற மிஷினுக்கு ராத்தூக்கம் கிடையாது. ஒரு கொல்லை முடிந்தால் அடுத்த கொல்லை. அந்த நேரத்தில் பட்டறைக்கு வருகிறவர்கள் டிராக்டரை நிறுத்துவதற்குள் சொல்வது இதுதான்: "அண்ணே, கியர்பாக்ஸ் போச்சு. புதுசு ஒண்ணு போட்டு உட்டுடுங்க." போடலாம். ஆனால் பழையது எதனால் போனது என்று பார்க்காமல் புதிதாகப் போட்டால், அதைக் கெடுத்த காரணம் மிஷினிலேயேதான் இருக்கும். புதியதையும் அது விடாது.

நான் சொல்வது டிராக்டருக்குப் பின்னால் கட்டி ஓட்டும் மிஷினைப் பற்றி. டிராக்டர் இன்ஜினின் சுற்றைப் பின்னால் இருக்கும் மிஷினுக்குக் கொண்டுவரும் பிடிஓ ஷாப்ட் வழியாக நிமிடத்துக்கு 540 சுற்று உள்ளே வருகிறது. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பினியனும் (சின்னப் பல் சக்கரம்) கிரவுனும் (பெரிய பல் சக்கரம்) அதைப் பக்கவாட்டுக்குத் திருப்பி, வேகத்தையும் குறைத்து, செடியை அடிக்கும் முள் வைத்த டிரம்முக்குக் கொடுக்கின்றன. சல்லடைக்கும் காற்றாடிக்கும் அங்கிருந்து பெல்ட் போகிறது. மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான்.

போனது எதனால்?

இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பிடிஓ ஷாப்டைக் கழற்றிய பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். வேட்டி, துண்டு, முந்தானை எதுவும் ஷாப்ட் பக்கம் தொங்கக் கூடாது. கதிரடிக்கும் மிஷின்களுக்கென்றே 1983-இல் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது என்றால் எத்தனை பேர் கை போயிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆயில் சூடாக இருக்கும்போதே அடி பிளக்கைக் கழற்றி, ஒரு எவர்சில்வர் தட்டில் வடியுங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பெரும்பாலும் பிரஷர் பம்பு வைத்து மிஷினைக் கழுவியதுதான் காரணம். விரலால் தேய்க்கும்போது நறநற என்றால் மண். பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருப்பது சாதாரணம். வெட்டிப் போட்ட நகம் போல இரும்புச் சில்லு கிடந்தால், பல்லோ பேரிங்கோ உதிர ஆரம்பித்துவிட்டது. பாக்ஸைத் திறந்தே ஆக வேண்டும்.

அடுத்து பிடிஓ மாட்டுகிற இன்புட் ஷாப்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். 'டொக் டொக்' என்றால் பேரிங் தேய்ந்திருக்கிறது, இல்லை லாக் நட் லூஸாகியிருக்கிறது. முன்னும் பின்னும் திருப்பும்போது மட்டும் துளி காலி ஆட்டம் இருந்தால் பயப்பட வேண்டாம், பல்லுக்குப் பல் அந்த இடைவெளி இருக்கத்தான் வேண்டும்.

அப்புறம் பிரீதர். பாக்ஸ் தலையில் சின்ன ஓட்டையோடு ஒரு பிளக் இருக்குமே, அது. ஓடும்போது உள்ளே சூடாகும் காற்று அது வழியாகத்தான் வெளியே போக வேண்டும். மல்லாட்டைத் தூசியில் அது அடைத்துக்கொண்டால், காற்று ஆயில் சீலை (ஷாப்டைச் சுற்றி ஆயில் கசியாமல் பிடிக்கும் வளையம்) தள்ளிக்கொண்டு வெளியேறும், கூடவே ஆயிலும் வரும். சீல் சரியில்லை என்று சீலை மட்டும் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருப்பவர்கள் முதலில் இந்தப் பிளக்கைக் கழற்றி ஊதிப் பாருங்கள். காசே இல்லாத வேலை.

கொடி செய்கிற வேலை

நெல் மிஷினுக்கு இல்லாத ஒரு தொல்லை மல்லாட்டை மிஷினுக்கு உண்டு. செடி கொடியோடு, வேரோடு, வேரில் ஒட்டிய செம்மண்ணோடு உள்ளே போகிறது. சரியாகக் காயாத கொடி நூல் மாதிரி நீளமாக உரிந்து, சுற்றுகிற எதைப் பார்த்தாலும் சுற்றிக்கொள்ளும்.

போன பட்டத்தில் ஒரு மிஷின் ஆயில் ஒழுகிக்கொண்டு வந்தது. டிரம் பக்கத்துப் புல்லியைக் கழற்றினால், புல்லிக்கும் பாக்ஸுக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு வளையம். இரும்பு வாஷர் என்றுதான் பார்த்ததும் தோன்றும். ஆக்ஸா பிளேடு வைத்து அறுத்ததும் பிரிந்து வந்தது, எல்லாம் கொடி. ஆயிலில் ஊறி, மண்ணோடு சேர்ந்து கெட்டிப்பட்டுப் போனது. அது சீலை உள்பக்கமாகவே நெட்டித் தள்ளியிருந்தது. சீல் உதட்டின் ஸ்பிரிங் வெளியே வந்து ஷாப்டில் தொங்கியது. சீல் உரசும் இடத்தில் நகத்தை ஓட்டினால் பள்ளத்தில் மாட்டி நின்றது. உள்ளே கியர் பல் எல்லாம் நன்றாகவே இருந்தது. புது கியர்பாக்ஸ் வாங்கப் பணத்தோடு வந்தவரை இரண்டு பேரிங், இரண்டு சீலோடு அனுப்பினேன்.

இப்படிப் பள்ளம் விழுந்த ஷாப்டில் புது சீலை அதே இடத்தில் அடித்தால் நிற்காது. இடம் இருந்தால் சீலை இரண்டு மில்லி முன்னோ பின்னோ தள்ளி உட்கார வையுங்கள், உதடு புது இடத்தில் உரசும். பள்ளம் ஆழமாக இருந்தால் லேத்தில் கொடுத்து ஸ்லீவ் ஏற்றுங்கள். சீல் வாங்கும்போது டபுள் லிப் கேளுங்கள்: உள் உதடு ஆயிலைப் பிடிக்கும், வெளி உதடு தூசியைத் தடுக்கும். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஆயிலைப் பார்த்து, அதாவது உள்பக்கமாக இருக்க வேண்டும். இரண்டு உதட்டுக்கும் நடுவில் கிரீஸ் தடவி, ஷாப்டில் புல்லியைப் பூட்டும் சாவித் துண்டு பதியும் காடி மீது பேப்பர் சுற்றி, அதன் மேல் சீலை ஏற்றுங்கள். இல்லாவிட்டால் காடியின் விளிம்பு உதட்டை மாட்டும்போதே கிழித்துவிடும்.

கொடி திரும்பச் சுற்றாமலிருக்க, பேரிங் கவர் போல்ட்டிலேயே பிடிக்கிற மாதிரி ஒரு குழாய்த் துண்டை மாட்டுங்கள். ஷாப்டைத் தொடாமல், புல்லி வரை நீண்டு, அந்த இடைவெளியை மூடி நிற்க வேண்டும். அதை பாக்ஸில் வெல்டிங் வைத்துப் பிடிக்க வேண்டாம். காஸ்டிங் சூட்டில் விரிசல் விடும், பேரிங் உட்காரும் இடமும் கோணும்.

புதிது வாங்கினால்

உண்மையிலேயே பல் உடைந்திருந்தால் புதிது வாங்கத்தான் வேண்டும். பழையதின் போட்டோவைக் காட்டி, "இதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்று வாங்கக் கூடாது. வெளியே ஒரே பெயிண்டில் உள்ளே வேறு வேறு கியர் இருக்கும்.

முதலில் பல்லை எண்ணுங்கள். பினியனில் 18, கிரவுனில் 27 என்றால் விகிதம் ஒன்றரை. 540-ஐ ஒன்றரையால் வகுத்தால் டிரம் 360 சுற்று. இதே பாக்ஸை முன்பின் மாற்றி, கிரவுன் பக்கம் பிடிஓ-வைக் கொடுத்து மாட்டினால் 810 சுற்று. 60 செ.மீ. விட்டமுள்ள டிரம் 360 சுற்றில் ஓடும்போது முள்ளின் முனை நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில் போகும். 810-இல் அது 25 மீட்டர். அந்த வேகத்தில் அடித்தால் மூட்டையில் விழுவது காய் இல்லை, உடைந்த தோலும் பருப்பும்தான். விதைக்கு வைத்திருக்கும் மல்லாட்டை என்றால் மொத்தமும் நாசம்.

பாக்ஸைத் திறக்காமல் விகிதம் தெரிய வேண்டுமா? இரண்டு ஷாப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, அவுட்புட்டை சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். இன்புட் மூன்று சுற்று வந்தால் ஒன்றரை விகிதம்.

அடுத்தது சுற்றும் திசை. டிராக்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால் பிடிஓ கடிகார முள் போகிற பக்கமாகச் சுற்றும். டிரம் எந்தப் பக்கம் சுற்றும் என்பது கிரவுன் பினியனுக்கு இடப்பக்கம் இருக்கிறதா வலப்பக்கம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மாறி வந்துவிட்டால், இரண்டு பக்கமும் ஷாப்ட் நீட்டிய பாக்ஸாக இருந்தால் தலைகீழாகக் கவிழ்த்து மாட்டலாம். அப்போது பிரீதரைக் கழற்றி இப்போதைய தலைக்கும், வடிக்கும் பிளக்கை இப்போதைய அடிக்கும் மாற்ற மறக்காதீர்கள். இதை மறந்தால் பிரீதர் வழியாகவே ஆயில் முழுவதும் கொட்டிவிடும்.

ஸ்ப்லைன், அதாவது ஷாப்ட் முனையில் நீளவாக்கில் வெட்டிய பல், 6 பல், ஒன்றேமுக்கால் அங்குலம் என்று கடையில் யாராவது சொன்னால் ஒரு முறை அளந்து பாருங்கள். நம் ஊர் டிராக்டர்களின் 540 பிடிஓ-வில் பொதுவாக வருவது 6 பல், 35 மி.மீ., அதாவது ஒன்றே முக்கால் இல்லை, ஒன்றரை அங்குலத்துக்கும் அரைக்கால் (1/8) அங்குலம் குறைவு. பிடிஓ ஷாப்ட் முனையில் இருக்கும் கவை, அதாவது யோக், அதற்குத்தான் பொருந்தும்.

உள்ளே பூட்டுவது

பேரிங்கை ஷாப்டில் சுத்தியலால் அடித்து ஏற்றும் பழக்கத்தை விடுங்கள். ஆயிலில் போட்டு 80 முதல் 100 டிகிரிக்குச் சூடாக்கினால் தானாக இறங்கும். கேஸ் நெருப்பை நேராகக் காட்டினால் 120 டிகிரியைத் தாண்டி பேரிங்கின் பதம் போய்விடும்.

டேப்பர் (கூம்பு உருளை) பேரிங் என்றால் சிம், அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு, போடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஷாப்டில் முன்பின் ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது, அதே சமயம் கையால் சுற்றினால் லேசான பிடிப்போடு சுற்ற வேண்டும். இறுக்கி வைத்தால் முதல் கொல்லையிலேயே பேரிங் சூடேறி நீலம் பாய்ந்துவிடும்.

பல்லுக்குப் பல் இடைவெளி, இந்த அளவுப் பாக்ஸுக்கு 0.2 மி.மீ. பக்கத்தில் இருந்தால் நல்லது. டயல் கேஜ் இல்லாவிட்டால் மெல்லிய ஈயக் கம்பியைப் பல்லுக்கு நடுவில் விட்டுச் சுற்றுங்கள். நசுங்கிய இரண்டு பக்கத்தின் கனத்தையும் மைக்ரோமீட்டரில் அளந்து கூட்டினால் இடைவெளி தெரிந்துவிடும். கிரவுனைச் சுற்றி நாலு இடத்தில் இப்படிப் பாருங்கள். ஓரிடத்தில் 0.1, இன்னோரிடத்தில் 0.4 என்று வந்தால் கிரவுன் நேராக உட்காரவில்லை.

கடைசியாக, பினியன் பல்லில் நீலச் சாயம் தடவி, கிரவுனைக் கையால் பிடித்து லேசாகத் தடுத்தபடி சுற்றுங்கள். சாயம் பல்லின் நடுவில், கொஞ்சம் உள்முனைப் பக்கம் (கிரவுனின் மையத்தைப் பார்த்த முனை) சாய்ந்து பதிய வேண்டும். லோடு ஏறும்போது அது வெளிமுனைப் பக்கம் நகரும் என்பதால்தான் அந்தச் சாய்வு. பல்லின் உச்சியில் மட்டும் பதிந்தால் பினியனை உள்ளே தள்ள வேண்டும், அடியில் மட்டும் பதிந்தால் வெளியே எடுக்க வேண்டும். சிம்மை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கப் பொறுமை வேண்டும். அறுவடை நெருக்கடியில் யாரும் இதைச் செய்வதில்லை. பட்டறையில் நின்று செய்து வாங்கிப் போங்கள்.

ஆயில், கியர்பாக்ஸில் வேறு ஏதும் எழுதியிருந்தால் அதன்படி. இல்லாவிட்டால் 90 நம்பர் ஈபி (அதிக அழுத்தம் தாங்கும்) கியர் ஆயில். பித்தளை புஷ் இருக்கும் பாக்ஸுக்கு ஜிஎல்-4 என்று தரம் போட்ட ஆயிலாகப் பாருங்கள். லெவல் பிளக்கின் ஓட்டையில் ஆயில் எட்டிப் பார்க்கிற வரை ஊற்றினால் போதும். நிறைய இருந்தால் நல்லது என்று கழுத்து வரை ஊற்றினால் கியர் அதைக் கடைந்தே சூடாக்கிவிடும், சீல் வழியாகக் கசியும். புதுப் பாக்ஸ் என்றால் முதல் 50 மணி நேரம் ஓடியதும் வடித்துவிட்டு மாற்றுங்கள்.

ஷாப்டும் போல்ட்டும்

பாக்ஸ் சரியாக இருந்தும் முன் பேரிங் அடிக்கடி போனால் பிடிஓ ஷாப்டை அளந்து பாருங்கள். வேறு டிராக்டரின் ஷாப்டை வாங்கி மாட்டியிருப்பார்கள். மிஷினும் டிராக்டரும் மிக அருகில் வரும் நிலையில் உள்குழாய் முட்டி நின்றால், அந்த இடி முழுவதும் பினியன் பேரிங்கில்தான் விழும். அந்த நிலையிலும் இரண்டு மூன்று செ.மீ. மிச்சம் இருக்கும்படி அறுத்து வையுங்கள். நடுக்குழாயின் இரண்டு முனை யோக்கும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாறியிருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஷாப்ட் வேகம் கூடிக் குறையும், பல்லில் தடதடப்பு கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஷியர் போல்ட் அறுந்தால் கோபப்படாதீர்கள், பாரம் மீறினால் அறுவதற்காகவே அதை வைத்தது. அந்த இடத்தில் தலையில் 8.8 என்று போட்ட கெட்டி போல்ட்டையோ பழைய ஆக்ஸில் துண்டையோ செருகினால், அடுத்து கல் சிக்கும்போது அறுவது கிரவுன் பல்லாக இருக்கும். மிஷின்காரர் சொன்ன போல்ட்டில் ஒரு பொட்டலம் டூல் பாக்ஸில் கிடக்கட்டும்.

ஓட்டும்போது

டீசல் மிச்சம் என்று ஆக்சிலரேட்டரைக் குறைத்து ஓட்டுவது நிறைய இடத்தில் நடக்கிறது. 30 குதிரைத்திறனை 540 சுற்றில் கொடுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் முனையில் 40 கிலோ தொங்கவிட்ட அளவு முறுக்கு ஷாப்டில் விழுகிறது. அதே சக்தியை 350 சுற்றில் இழுத்தால் 60 கிலோவைத் தாண்டும். மெதுவாக ஓட்டினால் கியருக்குப் பாரம் குறையும் என்பது தப்பு. டேக்கோமீட்டரில் 540 என்று குறி இருக்கும், முள்ளை அங்கேயே வைத்து ஓட்டுங்கள். பிடிஓ-வைப் போடும்போது மட்டும் இன்ஜினை ஐடிலில் வைத்து, பிறகு மெல்ல ஏற்றுங்கள்.

பிடுங்கிய அன்றே பச்சையாகக் கொட்டுவதைவிட இரண்டு மூன்று நாள் காயவிட்டு, வேர் மண்ணை உதறிப் போட்டால் டிரம்மும் பாக்ஸும் லேசாக ஓடும். கட்டுக்கட்டாகத் தள்ளாமல் சீராகப் போடுங்கள். அடைத்துக்கொண்டால் பிடிஓ-வைப் போட்டுப் போட்டு எடுத்து இடித்துத் தள்ளாதீர்கள். இன்ஜினை அணைத்து, கையால் இழுத்து எடுங்கள்.

ஒரு மணி நேரம் ஓடியதும் மிஷினை நிறுத்திவிட்டு பாக்ஸ் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தாலும் கையை வைத்திருக்க முடிந்தால் சரி. வைத்த கையை உடனே எடுக்க வேண்டியிருந்தால் ஆயில் லெவல், பிரீதர், பேரிங் இறுக்கம் என்று அந்த வரிசையில் பாருங்கள்.

பட்டம் முடிந்து மிஷினை ஓரம் கட்டும் அன்றே ஆயிலை மாற்றிவிடுங்கள். மண்ணும் ஈரமும் கலந்த பழைய ஆயில் ஆடி வரை உள்ளே கிடந்தால் பேரிங்கில் துரு பிடிக்கும். புது ஆயில் ஊற்றி, பிரீதர் மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கட்டி, மாதம் ஒரு முறை புல்லியைக் கையால் நாலு சுற்று சுற்றிவிடுங்கள். திரும்ப ஓட்டும்போது அந்தக் கவரை அவிழ்க்க வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லி வையுங்கள்.