குறைமாதக் குழந்தைக்கு மூச்சுத் திணறல்: எந்தச் சிகிச்சை எதற்கு?

சிபாப் (மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் கருவி) நல்லதா வென்டிலேட்டர் நல்லதா என்றுதான் எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். அதைவிட, "என் குழந்தைக்கு இப்போது எவ்வளவு உதவி இருந்தால் போதும்?" என்று டாக்டரிடம் கேளுங்கள், பதில் தெளிவாக வரும்.

நுரையீரலின் குட்டிக் காற்றுப்பைகள் சுருங்கி மூடிவிடாமல் பார்த்துக்கொள்வது சர்ஃபாக்டன்ட். அது போதுமான அளவு சுரக்கக் கர்ப்பத்தின் 34, 35-வது வாரம் ஆகிவிடும். அதனால் பிரசவம் முந்தும் என்று தெரிந்தாலே, குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது, வாய்ப்பிருந்தால் கேட்டு வாங்குங்கள்.

பிறந்த பிறகு, தானாக மூச்சு விடும் குழந்தைக்கு முதலில் சிபாப். மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துக் காற்றுப்பைகளைத் திறந்தே வைத்திருக்கும். எடுத்த எடுப்பில் தொண்டையில் குழாய் போடுவதைவிட இதில் தொடங்குவதே மேல் என்பது பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு இன்று பரவலாக ஏற்கப்பட்ட வழி. பபிள் சிபாப் என்றால் பாட்டில் தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருக்கும். நின்றுவிட்டால் பெரும்பாலும் எங்கோ காற்று கசிகிறது, உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். மூக்குத்தண்டு சிவந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அங்கே சீக்கிரம் புண்ணாகிவிடும்.

சிபாப்பில் இருந்தும், கொடுக்கும் காற்றில் ஆக்சிஜன் தேவை 30 சதவீதத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் சர்ஃபாக்டன்ட் மருந்தைப் பற்றி யோசிப்பார்கள். அதை நேரடியாக மூச்சுக்குழாய்க்குள் விட வேண்டும். குழந்தை சிபாப்பில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே மெல்லிய குழாய் வழியாகக் கொடுக்கும் முறையும் உண்டு, பழகிய கை இருக்கிற இடத்தில் எனக்கு அதுதான் பிடிக்கும்.

வென்டிலேட்டர் வைத்தாலே கைவிட்டுப் போச்சு என்று அர்த்தமில்லை. குழந்தை களைத்துவிட்டது, அல்லது மூச்சு அடிக்கடி நின்றுபோகிறது, அவ்வளவுதான். ஆனால் நாள் கூடக்கூட நுரையீரல் புண்படும் என்பதால், எப்போது எடுக்கலாம் என்று தினமும் கேளுங்கள், தப்பே இல்லை.

கஃபீன் மருந்து வேறு விஷயம். மூச்சு விடச் சொல்லும் மூளைப்பகுதி முதிராததால் இடையிடையே மூச்சு நிற்கும் குழந்தைகளுக்கு அது. வென்டிலேட்டரிலிருந்து சீக்கிரம் வெளியே வரவும் உதவும்.

அப்புறம் ஆக்சிஜன். அது ஓடும்போது மானிட்டரில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 100 என்று காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். பொதுவாக 90 முதல் 95 வரை வைப்பார்கள், அதிகமானால் விழித்திரைக்கு ஆபத்து. கண் பரிசோதனை எந்தத் தேதியில் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டாலும் அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.