கோடை வெள்ளிக்கிழமையில் ஹல்லா: வாண்டுகளை வைத்துக்கொண்டு ரொட்டி பின்னும் முறை

இஸ்ரேலில் ஜூலை 1 பிறந்தால் மழலையர் பள்ளிக்கும் தொடக்கப் பள்ளிக்கும் லீவு. ஆகஸ்ட் 31 வரை நீளும் அதற்கு 'ஹோஃபெஷ் ஹகதோல்' என்று பெயர். பெரிய லீவு என்று அர்த்தம். ஜூலையில் அங்கங்கே முகாம் நடக்கும். ஆகஸ்டில் அதுவும் ஓய்ந்துபோய், பிள்ளைகள் முழுநேரமும் வீட்டில்தான்.

நாங்கள் இருப்பது ரெஹோவோத்தில். என் கணவருக்கு இங்கே வைஸ்மன் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. மேல் வீட்டில் சம்பிரதாயம் பார்க்கிற யூதக் குடும்பம். 6 வயதில் பெண், 4 வயதில் பையன், இரண்டேகால் வயதில் ஒரு சுட்டி. குடிவந்த புதிதில் மாடிப்படியில் 'அபா! அபா!' என்று குரல் கேட்டு, யாரோ நம் ஊர்க் குழந்தை என்று ஆசையாகக் கதவைத் திறந்தேன். எபிரேயத்தில் அப்பாவுக்கு 'அபா', அம்மாவுக்கு 'இமா' என்பது அப்போது தெரியாது. பழக்கம் அப்படித் தொடங்கியது. இப்போது கோடை வெள்ளிகளில் காலை எட்டு மணிக்கெல்லாம் நான் மேல் வீட்டில் இருப்பேன்.

ஏன் வெள்ளி? அன்று சூரியன் மறைவதற்குச் சற்று முன் விளக்கேற்றிவிட்டால் ஷபாத், அதாவது ஓய்வுநாள், தொடங்கிவிடும். அதன்பின் மறுநாள் இருட்டும்வரை சமையல், மாவு பிசைதல், அடுப்பு மூட்டுதல் எதுவும் கிடையாது. டிசம்பரில் நாலே காலுக்கெல்லாம் விளக்கு. பிள்ளைகளை ஓரமாக உட்கார வைத்துவிட்டு ஓடுகிற ஓட்டம்தான். ஜூலைத் தொடக்கத்தில் விளக்கு ஏழரை வாக்கில். பகல் இழுத்துக்கொண்டே போகும். அந்த நேரத்தை நிரப்ப இணையத்தில் 'குழந்தைகளுக்கான 50 விளையாட்டுகள்' என்று தேடவேண்டியதில்லை என்பது என் கட்சி. ஷபாத்துக்கான வேலையிலேயே ஆளுக்கொரு பங்கைக் கொடுத்துவிட்டால் போதும். அதில் பெரிய பங்கு ஹல்லா, பின்னல் போட்ட ரொட்டி. இதற்குமுன் ரொட்டியே சுட்டதில்லையா? கவலை இல்லை, நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

என்னென்ன வேண்டும்

இரண்டு நடுத்தர ரொட்டியும், பிள்ளைக்கு ஒன்றாக மூன்று குட்டி ரொட்டியும் வரும் அளவு இது: மைதா 500 கிராம், உலர் ஈஸ்ட் 7 கிராம் (2 தேக்கரண்டி), சர்க்கரை 4 மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரை தேக்கரண்டி, முட்டை 1, மேலே பூச இன்னொரு முட்டை, வாசனையில்லாத எண்ணெய் 60 மில்லி, தண்ணீர் 220 மில்லி. தூவுவதற்கு எள் அல்லது கசகசா.

பாலும் வெண்ணெயும் பட்டியலில் விட்டுப்போகவில்லை. முதல் முறை போனபோது ரொட்டி மெத்தென்று வரட்டும் என்று கிண்ணத்தில் நெய் எடுத்துப் போனேன். மேல் வீட்டு அம்மா வாசலிலேயே தடுத்துவிட்டாள். இரவுச் சாப்பாட்டில் கோழி இருக்கும். கோஷர், அதாவது யூத உணவு முறைப்படி இறைச்சியும் பால் பொருளும் ஒரே சாப்பாட்டில் சேரக்கூடாது. அதனால் ரொட்டி 'பார்வே', அதாவது பாலும் இறைச்சியும் கலக்காத பொதுவகை. இன்னொன்று: ஓவனை எப்போதும் அவள்தான் பற்றவைப்பாள். யூதர் அல்லாதவர் சமைப்பது பற்றி அவர்களுக்கு விதிகள் உண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை, அந்தப் புழுக்கத்தில் ஓவன் பக்கம் போகாமலிருப்பதே நிம்மதி.

முதல் படி: சலித்தல்

இது 4 வயதுக்காரன் வேலை. இங்கே பல வீடுகளில் மாவைச் சலிக்காமல் தொடுவதில்லை. வெயில் காலத்தில் மாவில் பூச்சி சீக்கிரம் வைக்கும், பூச்சியைத் தின்பதோ அவர்களுக்கு விலக்கு. மாவை ஃபிரிட்ஜில் வைப்பதும் அதனால்தான். தரையில் பழைய துணியை விரித்து, அகலமான தட்டையும் சல்லடையையும் கொடுத்து உட்கார வையுங்கள். கால்வாசி மாவு துணிக்குப் போகும் என்று முன்கூட்டியே நினைத்துக்கொண்டு 700 கிராம் எடுத்தால் மனம் கஷ்டப்படாது. சலித்ததிலிருந்து 500 கிராமை நிறுத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஈஸ்டும் முட்டையும்

தண்ணீரில் ஒரு கரண்டி சர்க்கரையும் ஈஸ்டையும் கலந்து 10 நிமிடம் வையுங்கள். கோடையில் வெந்நீர் வேண்டவே வேண்டாம், குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் வரும். கை பொறுக்காத சூட்டில் ஊற்றினால் ஈஸ்ட் செத்துப்போகும். கண்ணாடி டம்ளரில் கலந்தால், நுரை மேலேறுவதை மூன்று தலையும் ஒட்டிக்கொண்டு பார்க்கும். பத்து நிமிட அமைதிக்கு உத்தரவாதம்.

அதற்குள் பெரியவள் முட்டை உடைப்பாள். நேரே மாவில் உடைக்கக்கூடாது. தனித்தனிக் கண்ணாடிக் கிண்ணத்தில் உடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும். ரத்தப்புள்ளி இருந்தால் அந்த முட்டை குப்பைக்கு. அவள் கிண்ணத்தைச் சன்னலோரம் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நகைக்கடைக்காரர் கல்லைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். 'சரி' என்று அவள் சொன்னால்தான் முட்டை உள்ளே போகும்.

மூன்றாம் படி: பிசைதல்

மாவு, மீதிச் சர்க்கரை, உப்பைக் கலந்து, நடுவில் குழி செய்து ஈஸ்ட் தண்ணீர், முட்டை, எண்ணெய் ஊற்றிப் பிசையுங்கள். முதலில் கையெல்லாம் ஒட்டும். பயந்துபோய் மாவை அள்ளிப் போட்டால் ரொட்டி கல்லாகிவிடும். பத்து நிமிடம் விடாமல் பிசைந்தால் தானாகத் திரண்டுவரும். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, காதுமடலைத் தொடுவதுபோல் இருந்தால் பதம்.

திரண்டதும் பிள்ளைக்கு ஒன்றாக எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிய உருண்டை, 60 கிராம் வாக்கில், கிள்ளிக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் உருண்டை தரையில் விழும், சோபாவில் உருளும், சாம்பல் நிறமாகும். பெரிய மாவுக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்தச் சாம்பல் உருண்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதையும் சுட்டு, இரவு அவரவர் தட்டில் வைக்கவேண்டும். ஒருமுறை சின்னவனுடையதை யாருக்கும் தெரியாமல் புதுமாவாக மாற்றினேன். கண்டுபிடித்துவிட்டான். இரண்டு வயதுக்கு என்ன தெரியும் என்று இனி நினைக்கமாட்டேன்.

மாவு நிறைய இருந்தால் இந்த இடத்தில் ஒரு சடங்கு உண்டு. தோராயமாக ஒன்றேகால் கிலோவுக்கு மேல் மாவு பிசைந்தால் ஆலிவ் காய் அளவு கிள்ளித் தனியே எடுத்து, தாளில் சுற்றி எரித்துவிடுவார்கள். இன்னும் அதிகமானால் ஆசி மந்திரமும் சொல்லவேண்டும். 'ஹல்லா' என்பதே ஆதியில் இந்தக் கிள்ளலுக்கான பெயர்தான். பைபிளில் எண்ணாகமம் 15ஆம் அதிகாரத்தில் வருகிறது. நம் 500 கிராமுக்கு இது தேவையில்லை.

நான்காம் படி: உப்புவதற்குக் காத்திருத்தல்

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மாவை வைத்து ஈரத்துணியால் மூடுங்கள். புத்தகங்கள் ஒன்றரை, இரண்டு மணி நேரம் என்கும். ரெஹோவோத் ஜூலையில் 50 நிமிடம் போதும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள், இரண்டு மடங்கு ஆனால் சரி. போன ஆகஸ்டில் பாத்திரத்தைப் பால்கனியில் வைத்துவிட்டுப் பேச்சு சுவாரசியத்தில் மறந்துபோனோம். சித்திரை மாதத்து இட்லிமாவு மாதிரி பொங்கி, துணியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, புளித்த வாடையோடு உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு ஷபாத்துக்குக் கடை ரொட்டிதான். அதிலிருந்து கடும் வெயில் வாரங்களில் வியாழன் இரவே பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறோம். அது மெல்ல உப்பி, காலையில் பின்னுவதற்குத் தோதாகக் குளிர்ந்து கிடக்கும்.

பிள்ளைகளுக்கு இந்தக் காத்திருப்புதான் கஷ்டம், வேறு வேலை கொடுத்தாகவேண்டும். நாங்கள் செய்வது இரண்டு. ஒன்று, தர்பூசணியை விதையெடுத்து அடித்து, கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து, அச்சில் ஊற்றிக் குச்சி ஐஸ். இங்கே அதற்கு 'ஆர்ட்டிக்' என்று பெயர். மறுநாள் மதியம் கறிச் சாப்பாட்டுக்குப் பின் கடையில் வாங்கிய பால் ஐஸ் கொடுக்கமுடியாது. இதைக் கொடுக்கலாம்.

இரண்டாவது, ஹவ்தலாவுக்கு வாசனைப் பொருள். ஷபாத் முடியும்போது திராட்சை ரசம், பின்னல் மெழுகுவர்த்தி, நறுமணம் மூன்றும் வைத்து விடைகொடுக்கிற சடங்கு அது. ஒரு எலுமிச்சம்பழமும் கைப்பிடி கிராம்பும் எடுங்கள். தோலில் பல்குத்தும் குச்சியால் நீங்கள் துளை போட்டுக் கொடுக்க, பிள்ளைகள் கிராம்பைச் செருகுவார்கள். துளை போடாமல் கொடுத்தால் கட்டைவிரல் வலிக்கிறது என்று ஐந்தாவது கிராம்பிலேயே எழுந்து போய்விடுவார்கள். சின்னவன் பக்கத்தில் கிராம்பை விடாதீர்கள், வாய்க்குள் போகும்.

பால்கனியில் தொட்டி வைத்துத் தண்ணீர் விளையாட்டும் உண்டு, ஒரு நேரம் தவிர. ஜூலையிலோ ஆகஸ்டிலோ யூத நாட்காட்டியின் ஆவ் மாதம் பிறக்கும். அதன் ஒன்பதாம் நாள் எருசலேமின் இரண்டு ஆலயங்களும் இடிந்ததற்கான துக்கநாள். இரண்டாவது ஆலயம் கி.பி. 70இல் ரோமானியர் கையால் அழிந்தது. முதல் நாளிலிருந்து ஒன்பதாம் நாள்வரை பல குடும்பங்களில் ஷபாத் தவிர மற்ற நாட்களில் இறைச்சியும் திராட்சை ரசமும் இல்லை, குஷிக்காக நீச்சலும் இல்லை. வெயில் உச்சத்தில் இருக்கிற நேரம் பார்த்து நீச்சல் குளமும் இல்லையென்றால் தாய்மார் பாடு திண்டாட்டம்தான். ரொட்டி மாவுக்குத் தடையில்லை, அது ஒரு ஆறுதல்.

ஐந்தாம் படி: பின்னுதல்

தலை பின்னத் தெரிந்த தமிழ்ப் பெண்ணுக்கு இதைக் கற்றுத்தரத் தேவையே இல்லை. உப்பிய மாவை அமுக்கிக் காற்றை வெளியேற்றி இரண்டாக்குங்கள். ஒவ்வொன்றையும் மூன்றாக வெட்டி, 30 சென்டிமீட்டர் நீளக் கயிறாக உருட்டுங்கள். நடுவில் பருமன், நுனியில் மெலிவு. உருட்ட உருட்டச் சுருங்கிக்கொண்டே வந்தால் மாவோடு மல்லுக்கட்டாமல் ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள், பிறகு சொன்னபடி கேட்கும். மூன்று கயிறின் தலையையும் சேர்த்துக் கிள்ளி, மூன்று கால் சடை பின்னுவதுபோல் வலதை நடுவுக்கு, இடதை நடுவுக்கு என்று போடுங்கள். இறுக்கிப் பின்னக்கூடாது, ஓவனில் உப்பும்போது பிளந்துவிடும். முனைகளை அடியில் மடித்துச் செருகுங்கள். பெரியவள் முதலில் ரிப்பனில் பழகி, இப்போது ஒரு ரொட்டியை முழுக்க அவளே பின்னுகிறாள்.

பின்ன வராத வயதுக்குப் பறவை. விரல் பருமனில் 20 சென்டிமீட்டர் கயிறு உருட்டி ஒரு முடிச்சு. மேலே நீட்டும் நுனி தலை, அதில் உலர்திராட்சைத் துணுக்கு கண். கீழ் நுனியைத் தட்டையாக்கி முள்கரண்டியால் கோடு போட்டால் வால். நடுவன் தன்னுடையதைக் காட்டி 'தூகி' என்றான். இன்றைய எபிரேயத்தில் கிளிக்கு அதுதான் பெயர். பழைய ஏற்பாட்டில் சாலமோன் அரசனுக்குக் கப்பலில் வந்த 'தூகியீம்' மயில்கள் என்றும், அந்தச் சொல் நம் 'தோகை'யிலிருந்து போயிருக்கலாம் என்றும் அறிஞர்கள் சொல்வது நினைவுக்கு வர, நான் ஆசையாக வாலை விசிறிபோல் விரித்து அழகுபடுத்தினேன். அவன் கோபமாகப் பழையபடி மடக்கிவிட்டான். கிளிக்கு அப்படி வால் கிடையாதாம்.

ஆறாம் படி: சுடுதல்

காகிதம் விரித்த தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, அரைமணி நேரம் மறுபடி உப்பவிடுங்கள். அடித்த முட்டையைத் தூரிகையால் பூசி, எள் தூவுவதைச் சின்னவனிடம் விடுங்கள். ஒரு ரொட்டியில் எள் மலை, இன்னொன்றில் ஒன்றுமே இல்லை என்றாலும் போகட்டும். எள்ளுக்கு ஒரு காரணமும் சொல்கிறார்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்காக வானத்திலிருந்து விழுந்த மன்னா என்ற உணவு கொத்தமல்லி விதைபோல் இருந்ததாம், அதன் ஞாபகம். வெள்ளியன்று மன்னா இரட்டைப் பங்காக விழுந்ததால்தான் மேசையில் இரண்டு ரொட்டி.

180 டிகிரியில் குட்டி ரொட்டிகளுக்கு 15 நிமிடம், பெரியவற்றுக்கு 25 முதல் 28 நிமிடம். மேலே நிறம் சீக்கிரம் ஏறினால் அலுமினியத் தாளால் மூடுங்கள். நிறத்தை மட்டும் நம்பாமல் ரொட்டியைக் கவிழ்த்து அடியில் தட்டுங்கள். வெற்றுப் பானைபோல் சத்தம் வந்தால் வெந்துவிட்டது. வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் ஓவனை அணைத்துவிட்டால் வீடு கொதிக்காது.

இரவு மேசையில்

இரண்டு ரொட்டியையும் ஒரு துணியால் மூடி வைப்பார்கள். திராட்சை ரசத்துக்குத்தான் முதல் ஆசி, அதைப் பார்த்து ரொட்டி வெட்கப்படக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் காரணம் சொல்வார்கள். அதன்பின் எல்லோரும் கை கழுவி, ரொட்டிக்கு ஆசி சொல்லி, வெட்டி உப்புத் தொட்டுச் சாப்பிடுவார்கள். கை கழுவியதிலிருந்து முதல் வாய் ரொட்டி விழுங்கும்வரை யாரும் பேசக்கூடாது. மூன்று பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்த அரை நிமிடம் பார்க்கவேண்டிய காட்சி. கன்னத்தை உப்பிக்கொண்டு, சாம்பல் உருண்டைகளையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

சனி இரவு எட்டரை வாக்கில்தான் ஷபாத் முடிகிறது, அதற்குள் சின்னவன் தூங்கிவிடுவான். கிராம்பு எலுமிச்சையை அவன் மறுநாள் மோந்து பார்ப்பான். மீந்த ரொட்டியை ஞாயிறு காலை பால், முட்டை, ஒரு சிட்டிகை ஏலக்காயில் நனைத்து, நம் பாம்பே டோஸ்ட் மாதிரி வாட்டிவிடலாம். காலைச் சாப்பாட்டில் கறி இல்லாததால் பால் சேரலாம், தடவுவதற்கு வெண்ணெயும்.