ஒவ்வொரு தடவையும் டபிள்யூஎஸ்டிஎல் இறக்க வேண்டாம்: பிஎச்பி-யில் கேஷ் வைக்கும் முறை

திருப்பூரில் பையர் அனுப்பும் மெஷர்மென்ட் சார்ட் கட்டிங் டேபிளுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஒவ்வொரு லே (அடுக்கிய துணி) வெட்டும்போதும் பையருக்கு மெயில் போட்டுச் சார்ட் கேட்பதில்லை. அதே கம்பெனியின் பில்லிங் மென்பொருள், கூரியர் நிறுவனத்தின் சோப் ஏபிஐ-யை (இரண்டு மென்பொருள்கள் எக்ஸ்எம்எல் வழியாகப் பேசும் முறை) கூப்பிடும்போது மட்டும் பல இடங்களில் ஒவ்வொரு தடவையும் கேட்கும் அந்த வேலையைத்தான் செய்கிறது. 200 சாம்பிள் பார்சலுக்கு ஏர்வே பில் எடுத்தால், 200 தடவை டபிள்யூஎஸ்டிஎல் கோப்பை இறக்குகிறது.

அந்த ஏபிஐ-யில் என்னென்ன ஃபங்ஷன்கள் உண்டு, எந்தத் தகவலை எந்த வடிவில் தர வேண்டும், எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் எக்ஸ்எம்எல் கோப்புதான் டபிள்யூஎஸ்டிஎல். பிஎச்பி-யில் இந்த ஏபிஐ-யைக் கூப்பிட உதவும் சோப்கிளையன்ட் ஆப்ஜெக்ட் உருவாகும்போதே இது படிக்கப்படும். உள்ளே தகவல் வடிவங்களை விவரிக்கும் எக்ஸ்எஸ்டி கோப்புகளை இம்போர்ட் செய்திருந்தால் அவை ஒவ்வொன்றுக்கும் தனி டவுன்லோடு. உங்கள் கோரிக்கை கிளம்புவதே இதற்கெல்லாம் பிறகுதான். ஒரு தடவை இறக்கியதைச் சேமித்து வைத்து மறுபடி எடுப்பதுதான் கேஷ்.

முதலில் அளந்து பாருங்கள். ஆப்ஜெக்ட் உருவாக்கும் வரிக்கு முன்னும் பின்னும் மைக்ரோடைம் ஃபங்ஷனால் நேரம் எடுத்து, வித்தியாசத்தை லாகில் எழுதுங்கள். ஏபிஐ கூப்பிடும் வரிக்கும் தனியாக எடுங்கள். நேரம் முதல் வரியில் போனால்தான் இந்தக் கேஷ் உதவும். இரண்டாவது வரியில் போனால் தாமதம் எதிர்முனையில் இருக்கிறது. இந்தக் கேஷ் ஏபிஐ-யின் பதிலைச் சேமித்து வைக்காது.

அடுத்து, கேஷ் ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். பிஎச்பி இதை இயல்பாகவே ஆன் செய்துதான் தருகிறது. டெவலப்மென்ட் நேரத்தில் யாரோ ஆஃப் செய்து, அப்படியே லைவுக்குப் போயிருப்பதுதான் அடிக்கடி நடப்பது. கோடில் 'கேஷ்_டபிள்யூஎஸ்டிஎல்' என்ற ஆப்ஷன் இருக்கிறதா பாருங்கள். அங்கே தந்த மதிப்புதான் செல்லும். பிஎச்பி அமைப்புகளை எழுதும் ஐஎன்ஐ கோப்பில் என்ன இருந்தாலும் பயனில்லை.

பிறகு ஐஎன்ஐ கோப்பில் இவற்றை வையுங்கள். டைப் செய்யும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து.

சோப்.டபிள்யூஎஸ்டிஎல்_கேஷ்_எனேபிள்டு = 1
சோப்.டபிள்யூஎஸ்டிஎல்_கேஷ் = 1
சோப்.டபிள்யூஎஸ்டிஎல்_கேஷ்_டிடிஎல் = 86400
சோப்.டபிள்யூஎஸ்டிஎல்_கேஷ்_டிர் = உங்கள் ஃபோல்டரின் முழுப் பாதை

இரண்டாவது வரியில் 1 என்றால் டிஸ்க், 2 என்றால் மெமரி, 3 என்றால் இரண்டும். தொடக்கத்துக்கு 1 போதும். மெமரி கேஷ் ஒவ்வொரு எஃப்பிஎம் (வெப் சர்வருக்காகப் பிஎச்பி-யை ஓட்டும் சர்வீஸ்) வொர்க்கருக்கும் தனித்தனி. ஒன்று படித்தது இன்னொன்றுக்குக் கிடைக்காது. கிரானில் (குறித்த நேரத்தில் தானாக) ஓடி முடியும் ஸ்கிரிப்டுக்கு அதனால் லாபமே இல்லை. 86400 என்பது கேஷின் கெடு, விநாடிக் கணக்கில்; அதாவது ஒரு நாள்.

கேஷ் ஃபோல்டர் இயல்பாகத் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப்பில் இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள். பலர் பயன்படுத்தும் சர்வரில் டெம்ப்பில் வேறு யூசரும் கோப்பு வைக்க முடியும். தனி ஃபோல்டர் திறந்து, வெப் சர்வரின் யூசரை உரிமையாளராக்கி, பர்மிஷன் 700 (உரிமையாளருக்கு மட்டும்) கொடுங்கள். எஃப்பிஎம்-ஐ ரீலோடு செய்யுங்கள்.

ஒரு தடவை ஏபிஐ-யைக் கூப்பிட்டுவிட்டு ஃபோல்டரைப் பாருங்கள். 'டபிள்யூஎஸ்டிஎல்' என்று தொடங்கி, நடுவில் யூசர் பெயர், கடைசியில் 32 எழுத்து எம்டி5 குறியீடு கொண்ட கோப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் பெரும்பாலும் எழுதும் பர்மிஷன் இல்லை. பிழைச்செய்தி எதுவும் வராது, ஒவ்வொரு தடவையும் சத்தமில்லாமல் இறக்கிக்கொண்டே இருக்கும். உபுண்டுவில் எஃப்பிஎம்-க்கும் கமாண்ட் லைனுக்கும் வேறு வேறு ஐஎன்ஐ கோப்புகள் என்பதையும் பாருங்கள். ஒன்றைத் திருத்திவிட்டு மற்றொன்றில் சோதித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

கேஷ் ஓடத் தொடங்கியபின் வரும் சிக்கல் பழைய கோப்பு. கூரியர் நிறுவனம் புது ஃபங்ஷன் சேர்த்திருக்கும். உங்களுக்கோ அது இந்தச் சர்வீஸில் இல்லாத மெத்தட் என்று பிழை வரும். கேஷ் கோப்புகளை அழியுங்கள். மெமரி கேஷும் வைத்திருந்தால் எஃப்பிஎம்-ஐ ரீலோடு செய்தே ஆக வேண்டும்.

ஒரு நாள் கெடு முடிந்து அடுத்த அழைப்பு வரும் நேரத்தில் நெட் போனாலோ, டபிள்யூஎஸ்டிஎல் வைத்திருக்கும் சர்வர் படுத்தாலோ ஆப்ஜெக்டே உருவாகாது. சரக்கு ஏற்றும் மாலை நேரத்தில் இது நடந்தால் லேபிள் இல்லாமல் கார்ட்டன் எல்லாம் தேங்கும். அந்த அளவுக்கு முக்கியமான ஏபிஐ என்றால் டபிள்யூஎஸ்டிஎல்லை இறக்கி ப்ராஜெக்டுக்குள்ளேயே வையுங்கள், இம்போர்ட் ஆகும் எக்ஸ்எஸ்டி-களோடு சேர்த்து. உள்ளே 'ஸ்கீமாலொகேஷன்' பாதைகளை லோக்கல் கோப்புகளுக்கு மாற்றுங்கள். கோரிக்கை போகும் முகவரி டபிள்யூஎஸ்டிஎல்லுக்குள் எழுதப்பட்டதுதான். டெஸ்ட் முகவரி அதில் இருந்தால் 'லொகேஷன்' ஆப்ஷனில் லைவ் முகவரியைக் கொடுங்கள்.

லோக்கல் கோப்பைத் திருத்தினாலும் கேஷ் அதைக் கவனிக்காது. கெடு முடியும்வரை பழையதையே எடுக்கும். ஆகவே டெப்ளாய் ஸ்கிரிப்டில் கேஷ் ஃபோல்டரைக் காலி செய்யும் வரியை, எஃப்பிஎம் ரீலோடுக்கு முந்தின வரியாகச் சேர்த்துவிடுங்கள்.