கோழி நெறய தின்னுது, எடை மட்டும் ஏறலயா? பிராய்லர் தீவனத்துல எனர்ஜி கணக்கு

குறிஞ்சிப்பாடி பக்கம் நம்ம ஷெட்டு, மொத்தமே 300 குஞ்சுதான். ரெண்டாவது பேட்ச்ல தீவனச் செலவ குறைக்கலாம்னு ரைஸ் மில்லுல எண்ணெய் எடுத்த தவிடு வாங்கி கம்பெனி தீவனத்தோட கலந்தேன், 80 கிலோவுக்கு 20 கிலோ. கோழி நல்லாதான் தின்னுச்சி, முன்னவிட அதிகமாவே தின்னுச்சி, சாயங்காலம் தீனிப்பைய தொட்டா கல்லு மாதிரி இருக்கும், ஆனா 35வது நாள் தராசுல வச்சா முந்தின பேட்ச்ச விட 300 கிராம் கம்மி! அந்த கோவத்துலதான் இந்த கணக்கெல்லாம் கத்துக்கிட்டேன்.

விஷயம் என்னன்னா, எனர்ஜி கம்மியான தீவனத்த போட்டா கோழி அத ஈடுகட்ட கூடுதலா தின்னும். ஆனா தீனிப்பைல எடம் ஒரு அளவுக்குதானே, அதுவும் தவிடு நார் உள்ளது, எடத்த அடைச்சிக்கும். தின்ன எனர்ஜில மூச்சு, நடை, உடம்பு சூடு இதுக்கெல்லாம் போக மிச்சம் இருந்தாதான் கறியா மாறும்.

முதல்ல மூட்டைல இருக்கற டேக்க படிங்க. எம்இ-ன்னு போட்டிருக்கும், ஒரு கிலோ தீவனத்துலருந்து கோழி உடம்புக்கு நெசமா கெடைக்கிற எனர்ஜி அது. பிஐஎஸ் (இந்திய தரநிர்ணய அமைப்பு) 2007 அளவுப்படி மொதல்ல குஞ்சுக்கு போடற பிரீ ஸ்டார்டர்ல 3000 கிலோ கலோரி, அடுத்து போடற ஸ்டார்டர்ல 3100, கடைசியா போடற பினிஷர்ல 3200. புரதம் அதே வரிசைல 23, 22, 20 சதவீதம். எனர்ஜிய புரதத்தால வகுத்துப் பாருங்க, 130, 141, 160-ன்னு வரும். குஞ்சுல கறி கட்டணும், அதனால புரதம் நெருக்கமா வேணும், வளர வளர எனர்ஜி பக்கம் சாயும்.

அடுத்து சொந்தமா கலக்கறவங்களுக்கு. ஒரு கிலோவுக்கு எம்இ மக்காச்சோளத்துல சுமார் 3350, சோயா புண்ணாக்குல சுமார் 2300, எண்ணெய்ல 8800 கிட்ட. மக்காச்சோளம் 60, சோயா 34, எண்ணெய் 2, மினரல் விட்டமின் மத்ததெல்லாம் சேத்து 4 கிலோன்னு வைங்க. 60×3350, 34×2300, 2×8800 மூணையும் கூட்டி நூறால வகுத்தா 2968. இது கணக்கு போட்டுப் பாக்க மட்டும்தான், லைசின் மெத்தியோனின் (புரதத்துல இருக்கற அமினோ அமிலங்க) பாக்காம இதையே பார்முலான்னு எடுத்துக்காதீங்க. வேப்பூர், திட்டக்குடி பக்கம் சோளம் கெடைக்கும், ஆனா காயாத சோளமும் பூஞ்ச புடிச்ச கடலப்புண்ணாக்கும் சும்மா குடுத்தாலும் வேணாம்.

எண்ணெய நேரா குவியல்ல ஊத்தாதீங்க, கட்டி கட்டியா நிக்கும். அஞ்சு கிலோ சோள மாவுல ஊத்தி ரெண்டு கையாலயும் புட்டு மாவு மாதிரி பெசறி, அப்பறம் மொத்தத்துல கலங்க.

எனர்ஜி கூடினா நல்லதுதானேன்னு எண்ணெய மட்டும் ஏத்துனா அதுவும் தப்பு. சீக்கிரமே போதும்னு கம்மியா தின்னும், புரதமும் கம்மியா உள்ள போகும், மிச்ச எனர்ஜி கொழுப்பாவும். அறுக்கும்போது வயித்துக்குள்ள மஞ்சளா கொழகொழன்னு வருமே, அது நீங்க காசு போட்டு வாங்குன தீவனம், கடைக்காரர் வழிச்சி வாளில போட்ருவாரு.

அப்பறம் வாராவாரம் எடை. வாசல்கிட்ட கையில மாட்டுறத புடிக்காதீங்க, அதுங்க பாதி சோம்பேறிங்க. நாலு மூலைலருந்தும் புடிச்சி எடை போட்டு சராசரி எடுங்க. கடைசில மொத்த தீவனத்த ஏறுன எடையால வகுத்தா எஃப்சிஆர், அதாவது ஒரு கிலோ எடை ஏற எத்தன கிலோ தீவனம் போச்சுங்கற கணக்கு. ஒரு பேச்சுக்கு, கிலோ 42 ரூபா தீவனத்துல எஃப்சிஆர் 1.7 வந்தா கிலோ எடைக்கு 71 ரூபா சொச்சம், 38 ரூபா தீவனத்துல 2.0 வந்தா 76. இப்ப எது சீப்பு?

கத்திரி வெயில்ல மட்டும் இந்த கணக்கு கொஞ்சம் ஆடும். சூட்டுல கோழி தீனிய கொறைச்சிடும், அதனால அந்த மாசம் சோளத்த கொஞ்சம் கொறைச்சி எனர்ஜில ஒரு பங்க எண்ணெய்லருந்து குடுக்கறேன், எண்ணெய் செரிக்கறப்ப உடம்பு சூடு கம்மியாதான் ஏறும். விடியக்காலைல தீவனம் வச்சி, பத்து மணிக்கு தட்ட தூக்கிட்டு, கடக்காத்து வந்து ஷெட்டு ஆறுன பெறகுதான் மறுபடி எறக்கறது. தண்ணி மட்டும் நாள் பூரா இருக்கணும்.